ஆற்ற காணி சேர் இது?

அன்பான அம்மாமார், அப்பாமார், அம்மம்மாமார் எல்லாருக்கும் வணக்கம்,

லெட்டர்ஹெட்டில அடிச்சுக் குடுத்தா வாசிக்காமலே சைன் வைச்சுப் பிள்ளையிட்டத் திருப்பி அனுப்பிறியள், அதால இந்த முறை வட்ஸ்அப்பில கதைக்கிற மாதிரியே எழுதுறன், எழுத்துப்பிழை இருந்தா தமிழ் ரீச்சரிட்ட மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. விசயம் எங்கட ஊரில பூட்டிக் கிடக்கிற சிறுவர் பூங்காவைப் பற்றினது.

போன வெள்ளிக்கிழமை தரம் 4 பிள்ளையளை யாழ்ப்பாணத்தில இருக்கிற பழைய பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனனாங்கள். பஸ்ஸால இறங்கின உடன பிச்சுக்கொண்டு ஓடுவினம், ஆரை எங்க தேடுறது எண்டு நான் பயந்தது தான் மிச்சம், ஒருத்தரும் ஓடேல்ல, கேற்றடியிலயே ஒட்டிக்கொண்டு நிக்கினம். ஒரு பெடியன் என்ர கையைச் சுரண்டி "ஆற்ற காணி சேர் இது? உள்ளுக்க போனா ஏசமாட்டினமோ?" எண்டு கேட்டான். எல்லாற்றையும் தான் எண்டன். "எல்லாற்றையும் எண்டா எங்கடயுமோ?" எண்டான். எனக்கு முதல் சிரிப்புத் தான் வந்தது, பிறகு திரும்பி வரேக்க பஸ்ஸில அதையே யோசிச்சுக்கொண்டு வந்தன்.

அவனில பிழை இல்ல. எங்கட ஆக்களுக்குக் காணி எண்டா எல்லை, எல்லை எண்டா வழக்கு, ஒரு சாண் வேலியை அரக்கிப்போட்டான் எண்டு வருசக்கணக்கா கோட்டு வாசல் ஏறி இறங்கினவை இல்லாத ஊர் இருக்கோ? ஆனா அது கிடுகு வேலியா இருந்த காலத்தில அதில ஆள் பூந்து போறளவுக்கு ஓட்டையா ஒரு பொட்டும் இருந்தது. நான் சின்னனில அந்தப் பொட்டுக்குள்ளால பூந்தா நாலு வளவு தாண்டித் தான் நிப்பன், கிளித்தட்டு மறிச்சு, பேணிப்பந்து அடிச்சு, இருட்டின பிறகு அம்மா பூவரசந்தடியோட வந்து கூப்பிடுமட்டும் வீட்டு நினைப்பே வராது. இப்ப ஆறடி மதில், மேல போத்தல் ஓடு, கேற்றுக்கு ரெண்டு பூட்டு. பொட்டை அடைச்சுப்போட்டு அதுக்குப் பதிலா பிள்ளையளுக்கு நாங்கள் குடுத்தது போனும் ரியூசனும். மதிலை இடியுங்கோ எண்டு நான் சொல்லேல்ல, என்ர வீட்டிலயும் மதில் தான். பொட்டு செய்த வேலையை இப்ப பூங்கா தான் செய்ய வேணும் எண்டு சொல்லுறன்.

அண்டைக்கு அங்க ஒரு ஊஞ்சலுக்கு முப்பது பேர் அடிபட்டவை. நான் விசிலை எடுக்கேக்க பக்கத்தில நிண்ட ரீச்சர் "கொஞ்சம் பொறுங்கோ சேர்" எண்டா. அஞ்சு நிமிசத்தில ஒரு பிள்ளை, வகுப்பில வாயே திறக்காத பிள்ளை, ஊஞ்சல் சங்கிலியைப் பிடிச்சுக்கொண்டு ஆளுக்கு இருவது தரம் எண்டு சத்தமா எண்ணத் தொடங்கிட்டா, லைன் தானா வந்திட்டுது. இதை நாங்கள் குடியியல் பாடத்தில எத்தினை பக்கம் படிப்பிச்சாலும் வராது.

அந்தப் பூங்காவை உண்டாக்கினது டைக் எண்ட வெள்ளைக்கார அரசாங்க ஏசண்டுத் துரை, 1867 இல சாகுமட்டும் கிட்டத்தட்ட நாப்பது வருசம் யாழ்ப்பாணப் பக்கத்தை ஆண்டவர். அவற்ற காலத்தில எங்கட பூட்டன்மாரை உள்ளுக்க விட்டிருப்பினமோ என்னமோ, இண்டைக்கு எங்கட பிள்ளையள் அந்த மரத்து வேரில ஏறி இருந்து சோத்துப் பார்சல் சாப்பிடுதுகள். அதே காலத்தில தான், 1847 இல, இங்கிலாந்தில பேர்க்கன்ஹெட் எண்ட ஊரில பொதுக்காசில எல்லாச் சனத்துக்கும் எண்டு ஒரு பூங்கா திறந்தவை. பொதுக்காசு எண்டா உங்கட என்ர காசு, அப்ப அந்தப் பெடியனுக்கு நான் சொன்ன பதில் சரி தானே.

கண்ணைப் பற்றியும் ஒண்டு சொல்லோணும். சேர், பிள்ளைக்கு போர்ட் தெரியேல்லயாம், முன் வாங்கில இருத்துங்கோ எண்டு எத்தினை பேர் வந்து கேக்கிறியள். வெளி வெளிச்சத்தில நிக்கிற பிள்ளையளுக்குக் கிட்டப்பார்வை வாறது குறைவு எண்டு கண்டுபிடிச்சிருக்கினம். தாய்வானில 2010 இல இருந்து பள்ளிக்கூடப் பிள்ளையளை ஒரு நாளைக்கு 120 நிமிசம் வெளியில விடச் சொல்லித் திட்டமே போட்டவை. உலக சுகாதார நிறுவனம் 5 வயசில இருந்து 17 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 60 நிமிசமாவது உடம்பு அலுக்க ஓடியாடோணும் எண்டுது. எங்கட தரம் 5 பிள்ளைக்கு ஸ்கொலசிப் சோதினை எண்டு சொல்லி 60 நிமிசம் எங்க, ஆறு நிமிசமும் இல்ல.

பிள்ளையளுக்கு மட்டும் இல்ல. சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடவுங்கோ எண்டா எங்க நடக்கிறது, ரோட்டில மோட்டச்சைக்கிள் காரர் விடுவாங்களோ? பின்னேரம் யாழ்ப்பாணத்தில பண்ணைக் கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்கோ, கடல் காத்து வாங்க எவ்வளவு சனம், கச்சான் கொறிச்சுக்கொண்டு, சம்பந்தமே இல்லாத ரெண்டு பேர் கதைச்சுக்கொண்டு இருப்பினம். டவுனில இருக்கிற ஆரியகுளத்தைத் திருத்தி 2021 கடைசியில திறந்த பிறகு அங்கயும் அப்பிடித் தான்.

சரி, இப்ப எங்கட ஊர் விசயத்துக்கு வாறன். சனசமூக நிலையத்துக்குப் பின்னால இருக்கிற சிறுவர் பூங்கா பூட்டிக் கிடக்குது, சறுக்கீசில கறள், ஊஞ்சலில ஒரு பக்கச் சங்கிலி இல்ல, புல்லு என்ர இடுப்பளவுக்கு நிக்குது. ஆற்ற பொறுப்பு எண்டு கேட்டா ஒரு கந்தோர் மற்றக் கந்தோரைக் காட்டுது, நானும் மூண்டு தரம் போய் வந்திட்டன், நாலாந்தரம் போக என்ர சைக்கிளுக்கே விருப்பமில்ல. உங்களில சில பேர் திறந்தா கண்ட கண்ட பெடியள் வந்து குடிப்பாங்கள், தூள் விப்பாங்கள் எண்டு பயப்பிடுறியள். நியாயமான பயம் தான். ஆனா அவங்களுக்குப் பிடிச்சது பத்தை மண்டி ஆக்கள் வராத இடம் தானே, பின்னேரம் முழுக்க அம்மம்மாமார் பாயைப் போட்டுக் குந்தியிருந்தா ஆர் வாறான்.

பூங்காக் கேற்றுப் பூட்டுத் திறப்பு ஒருமாதிரி வாங்கியாச்சு. வாற சனிக்கிழமை காலமை ஆறரைக்கு சிரமதானம், கத்தி, மண்வெட்டி, கூட்டுமாறு உள்ளவை கொண்டு வாங்கோ, சிரட்டை, தயிர்ச்சட்டி, யோகட் கப் எல்லாம் பொறுக்கோணும், மழை வந்தா டெங்கு. பிறகு பின்னேரத்தில ஒரு நாளைக்கு ரெண்டு பெற்றோர் நிக்கிற மாதிரி ஒரு லிஸ்ட் போடுவம், பேரை எனக்கு அனுப்புங்கோ. பிள்ளையள் விளையாட நேரம் கிடைக்கட்டும், புதன்கிழமையில வீட்டுவேலை குடுக்க வேண்டாம் எண்டு ரீச்சர்மாருக்குச் சொல்லிட்டன், ரியூசன் மாஸ்ரரிட்ட நீங்கள் தான் சொல்லோணும்.

பிளேன்ரீயும் வாய்ப்பனும் பள்ளிக்கூடச் செலவு. ஆரிட்டயும் நல்ல சங்கிலி ஆறடி இருந்தா மறக்காமல் கொண்டு வாங்கோ, ஊஞ்சலுக்கு.

இப்படிக்கு,
உங்கட பிள்ளையளின்ர அதிபர்