பிரிட்டனியின் குன்றுகள்: உயரத்தை மட்டும் பார்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்சின் மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டனியைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையில், அங்குள்ள மிக உயர்ந்த இடமே 400 மீட்டரைத் தொடாது, ஆகவே பழக்கமில்லாதவரும் வாடகை சைக்கிள் எடுத்து மலைப்பாதைகளைச் சுற்றி வரலாம் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. முதல் பாதி சரிதான். மோன் தாரே மலைத்தொடரின் உச்சியான ரொக் ருஸ் 385 மீட்டர். அருகிலுள்ள ரொக் த்ரெவெசெல் ஒரு மீட்டர் குறைவு. இரண்டாம் பாதியை நம்பிக் கிளம்புகிறவர் மதியத்துக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் 1,200 கி.மீ. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்துக்குத் தமிழகத்திலிருந்தும் ஆட்கள் போய்வருகிறார்கள். அவர்களுக்கு த்ரெவெசெல் மேடு தெரியும். ஆனால் தார்ச்சாலையிலிருந்துதான் தெரியும். சாலையை விட்டு மண்ணில் இறங்கினால் கணக்கே வேறு.

அது பழைய மேட்டுநிலம். ஓடைகள் குறுக்கும் நெடுக்குமாக அறுத்துப் போட்டிருக்கின்றன. பாதை ஓடைக்கு இறங்கும், ஒரு பலகைப் பாலத்தைக் கடக்கும், எதிர்க்கரையில் 60, 80 மீட்டர் ஏறும், மறுபடி இறங்கும். 40 கி.மீ. சுற்றில் இப்படிப் பன்னிரண்டு, பதினைந்து முறை நடந்தால் மொத்த ஏற்றம் 800 முதல் 1,000 மீட்டர் வரை சேர்ந்துவிடும். உயர்ந்த மலைகளில் கொண்டை ஊசி வளைவு போட்டுச் சரிவைக் குறைப்பார்கள். இங்கே வயலுக்கும் ஆலைக்கும் போன வண்டித்தடங்கள் நேரே மேலேறுகின்றன. 15 சதவீதச் சரிவு அபூர்வமில்லை. முன்பக்கப் பற்சக்கரத்தில் 32 பல்லும், பின்பக்கப் பெரிய பற்சக்கரத்தில் 51 பல்லும் இருந்தால் உட்கார்ந்தபடியே மிதிக்கலாம். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் மேலுள்ள பாரம் குறைந்து ஈர மண்ணில் வழுக்கும். பலர் ஏற்றத்தில் கால் ஊன்றி நிற்பதற்கு மூச்சு வாங்குவதைவிட இதுதான் காரணம்.

கிளம்புமுன் பிரெஞ்சு அரசின் நிலவரைபட நிறுவனமான ஐ.ஜி.என்.-இன் 1:25,000 வரைபடத்தைப் பார்த்துவிட்டால் பாதி ஏமாற்றம் தவிரும். சமஉயரக் கோடுகள் 5 மீட்டர் இடைவெளியில் இருக்கும். பாதை குறுக்கே வெட்டும் கோடுகளை எண்ணினால் போதும். ஊர்ப்பெயர்களும் உதவும். நம் ஊர்ப் பெயர்களில் மேடும் பள்ளமும் ஏரியும் இருப்பதுபோல, பிரெத்தோன் மொழிப் பெயர்களிலும் நிலம் எழுதி வைத்திருக்கிறது. 'மெனெஸ்' மலை, 'ரொக்' பாறை, 'கோவாட்' காடு, 'யெயுன்' சதுப்பு. யெயுன் என்று தொடங்கும் இடத்தின் வழியாக ஜனவரியில் பாதை போட்டால் அச்சு வரை சேறு. பிரெனிலிஸ் அருகிலுள்ள யெயுன் எலெஸ் சதுப்பை நரகத்தின் வாசல் என்று அந்த ஊர்க் கதைகள் சொல்வது சும்மா இல்லை.

பிரிட்டனிக்கே உரிய தடம் பள்ளப்பாதை. இரு பக்கமும் ஆள் உயர மண்கரை, கரைமேல் ஓக், செஸ்ட்நட் மரங்கள், நடுவே பல நூற்றாண்டு மாட்டுவண்டிச் சக்கரமும் மழைநீரும் அரித்த தடம். 1950களுக்குப் பின் சிறு வயல்களை ஒன்றுசேர்க்கும் திட்டத்தில் இத்தகைய வேலிக்கரைகளைப் பெருமளவில் இடித்துவிட்டார்கள். டிராக்டருக்கு வசதிப்படாத சரிவுகளில் எஞ்சியவை பிழைத்தன. இன்றைய நல்ல தடங்கள் மேடுபள்ளமான உள்நாட்டில் குவிந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வெயில் படாததால் மழை நின்று இரண்டு மூன்று நாளானாலும் இவை காய்வதில்லை. குளிர்காலத்தில் பலதும் ஓடையாகவே ஓடும். ரென் நகரில் ஆண்டுக்கு 700 மி.மீ. அளவில் பெய்யும் மழை மோன் தாரே முகட்டில் அதைப்போல் இரு மடங்கு என்பதை வைத்து மீதியை ஊகிக்கலாம்.

பாறை மூன்று விதம். மோன் தாரே முகட்டில் குவார்ட்சைட் என்ற கடினப் பாறை, செங்குத்தாக நிறுத்திய பலகைபோல் விளிம்பு நீட்டி நிற்கும். டயரின் பக்கச்சுவரைக் கிழிப்பது இதுதான். தெற்கே கருமலைகள் எனப்படும் மோந்தாஞ் நுவார் பக்கம் பலகைக்கல்; காய்ந்தால் நல்ல பிடிப்பு, நனைந்தால் சோப்பு. உயெல்கொவாட் காட்டில் உருண்ட கருங்கல் பாறைகள். அங்கே பாறைக்குவியலுக்குள் நடப்பவர் கூட்டம் எப்போதும் இருக்கும். அதைச் சைக்கிள் தடமாக நினைக்காமல் சுற்றியுள்ள காட்டுப் பாதைகளில் ஓட்டுவதே முறை.

டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நாள் பாழாவது பெரும்பாலும் அதனால்தான். மலைவெளியெங்கும் ஆஜோன் என்ற மஞ்சள்பூ முட்புதர். பண்ணை வேலிகளைக் கத்தரித்தால் முள் முழுவதும் பாதையில் விழும். டியூப் போட்ட வண்டி ஒரே நாளில் மூன்று பஞ்சர் வாங்கும். 29 அங்குலச் சக்கரத்தில், 2.4 அங்குல அகல டயரில் டியூப்லெஸ் அமைத்து, ஒவ்வொன்றிலும் ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் 100 முதல் 120 மி.லி. ஊற்ற வேண்டும். மூன்று மாதத்தில் அது உலர்ந்துவிடும். வாடகை வண்டி என்றால் சக்கரத்தைக் காதருகே ஆட்டி, உள்ளே திரவம் சலசலக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு முன்னே 22–23, பின்னே 25–26 பி.எஸ்.ஐ. காற்று. கடைக்காரர் 35 வரை ஏற்றிக் கொடுத்தால் ஈர வேர்மேல் பந்துபோல் எகிறும். 18-க்குக் கீழே இறக்கினால் குவார்ட்சைட் விளிம்பில் ரிம் இடிபடும்.

பெரிய ஓட்டை விழுந்து சீலன்ட் அடைக்காவிட்டால் ரப்பர் திரி செருகலாம். அதுவும் தோற்றால் டியூப் போட வேண்டியதுதான். இங்கேதான் அனுபவசாலிகளும் ஏமாறுவார்கள். மாதக்கணக்கில் சீலன்ட் அடைத்து வைத்த பழைய முள்முனைகள் டயரின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். அவற்றை எடுக்காமல் புது டியூப்பைப் போட்டால் 200 மீட்டர் தாண்டுமுன் அதுவும் போகும். கையுறையையோ துணியையோ டயரின் உள்ளே முழுச் சுற்றும் தேய்த்து, மாட்டும் இடத்திலெல்லாம் முள்ளைப் பிடுங்குங்கள். பிடுங்குவதற்குச் சின்னக் குறடு ஒன்று பையில் இருக்கட்டும்.

அடுத்தது பிரேக். கருங்கல்லும் குவார்ட்சைட்டும் பொடிந்த ஈரமணல் தேய்ப்புத்தாள் மாதிரி. ரெசினால் ஆன பிரேக் பேட் மழைநாளில் ஒரே சுற்றில் இரும்புத் தகடுவரை தேய்ந்துபோவதுண்டு. உராய்வுப் பகுதி 1 மி.மீ.க்குக் கீழ் இருந்தால் அந்தப் பேடோடு கிளம்பக் கூடாது. உலோகத்தூள் பேட் நீண்ட நாள் வரும், ஆனால் பேட் அழுத்திப் பிடிக்கும் வட்டத் தகடான ரோட்டரில் 'ரெசின் பேடுக்கு மட்டும்' என்று பொறித்திருந்தால் அதைப் போடாதீர்கள். ரோட்டர் சீக்கிரம் தேய்ந்துவிடும். புதுப் பேட் போட்டால் தட்டையான சாலையில் வேகமெடுத்து, நடைவேகம் வரை பிரேக் பிடித்து, நிற்காமல் விடுவதை இருபது முறை செய்துவிட்டுத்தான் சேற்றுக்குள் போக வேண்டும். இல்லையேல் சத்தமும் போடும், பாதி நாளில் தேய்ந்தும் போகும். பையில் ஒரு ஜோடி பேட், செயின் இணைப்புக் கண்ணி, அந்தந்த மாடலுக்கே பொருந்தும் டீரெய்லர் ஹேங்கர், அதாவது பின்கியர் மாற்றியைத் தாங்கும் சிறு உலோகத்துண்டு. ஹேங்கர் ஊருக்கு ஊர் கிடைக்காது. சேறு கழுவும்போது உயரழுத்தக் குழாயைப் பேரிங் பக்கம் காட்டினால் மசகு வெளியேறி நீர் உள்ளே போய்விடும். வாளித் தண்ணீரும் பிரஷும் போதும்.

தங்கள் கட்டுரை கெர்லெதான் ஏரியைச் 'சமதளக் கால்வாய்க்கரைப் பாதை' என்று வர்ணித்தது பாதி உண்மை. நாந்த்–பிரெஸ்ட் கால்வாய் 364 கி.மீ.; அதன் இழுவைப்பாதை உண்மையில் சமதளம். ஆனால் 1930-இல் முடிந்த அணை அந்தக் கால்வாயின் ஒரு துண்டையும் அதிலிருந்த மதகுகளையும் இழுவைப்பாதையோடு சேர்த்து மூழ்கடித்தது. அணையில் படகு ஏறி இறங்க வழி வைக்கவேயில்லை. எனவே ஏரியைச் சுற்றும் தடம், மூழ்கிய கரைக்கு மேலே, பள்ளத்தாக்கின் காட்டுச் சரிவில் ஏறி இறங்குகிறது. தென்கரையில் கெனெக்கான் காட்டுப் பகுதி கடினமானது. வேரும் கல்லும் செங்குத்துத் துண்டுகளும் அங்கேதான். வடக்கே, மூடப்பட்ட பழைய மீட்டர்கேஜ் ரயில்தடம் பசுமைவழியாக்கப்பட்டிருக்கிறது. ரயில் ஏறிய சரிவுதான் என்பதால் குழந்தைகளும் ஓட்டலாம். புதியவருக்கு ரயில்தடம், பழகியவருக்குத் தென்கரை என்று பிரித்து எழுதியிருக்கலாம்.

தடக்குறிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாதது பெரிய குறை. பிரெஞ்சு சைக்கிள் சம்மேளனம் குறித்த மலைச்சைக்கிள் சுற்றுகளில் ஒரு முக்கோணமும் இரு வட்டங்களும் கொண்ட அடையாளம் இருக்கும். முக்கோணத்தின் முனை காட்டும் பக்கம் போக வேண்டும். பச்சை மிக எளிது, பிறகு நீலம், சிவப்பு, கறுப்பு. மலை உயரம் தெரியாமல் போனாலும் பரவாயில்லை, இந்த நிறம் தெரிய வேண்டும். மஞ்சள் கோடும் சிவப்பு–வெள்ளைக் கோடும் நடப்பவருக்கு இடப்பட்டவை. கட்டுரையில் படம் போட்டிருந்த ஜி.ஆர். 34 கடலோரப் பாதையில் சைக்கிள் ஓட்டப் பரிந்துரைத்தது தவறு. கரையோர நடைவழி உரிமை சட்டப்படி நடப்பவருக்கு மட்டுமே. அந்தத் தடத்தில் சைக்கிளுக்கு இடமில்லை.

திறந்த புல்வெளியில் தேங்கிய சேற்றைக் கண்டால் ஓரமாக ஒதுங்காமல் நடுவிலேயே ஓட்டுங்கள். ஒவ்வொருவரும் ஒதுங்கினால் ஒரு முழத் தடம் ஆறு முழமாகும். அங்கே குர்லூ என்ற பறவையும் பூனைப்பருந்தும் வசந்தத்தில் தரையிலேயே கூடு கட்டும். 2022 ஜூலைத் தீயில் மோன் தாரேயில் 1,700 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. வெந்த கரிமண் மேல் புதுத்தடம் போட்டால் மழை அதை வாய்க்காலாக்கும். அடுப்பு எரிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

செப்டம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி இறுதிவரை வேட்டைக் காலம். ஞாயிறு காலைகளில் காட்டோரம் 'ஷாஸ் ஆன் கூர்' என்ற பலகை நின்றால், உள்ளே வேட்டை நடக்கிறது என்று பொருள். திரும்பி வேறு வழி பாருங்கள். ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அவசர எண் 112. டிசம்பரில் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: மேற்குக் கோடியில் இருந்துகொண்டு மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுவதால், பிரெஸ்ட் பக்கம் அம்மாதக் கடைசியில் காலை ஒன்பது மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். எட்டு மணிக்குத் தொடங்குவதானால் தலைவிளக்கு கட்டாயம். மே கடைசி முதல் ஜூன் வரையும் செப்டம்பர் முதல் பாதியும் இந்தத் தடங்களுக்கு ஏற்ற காலம்.

இப்படிக்கு,
மலைச் சைக்கிள் ஓட்டும் வாசகர்கள் சிலர்,
பாரிஸ்