பைரேட்ஸ் பர்ஸைத் திறந்த குளிர்காலம்

பிட்ஸ்பர்க்,
ஜனவரி 2026

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பாதி முழங்கால் வலி, மீதி ஜடேஜா. முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை ஏமாற்றாமல் செய். ஜடேஜாவுக்கு என்னிடம் மருந்து கிடையாது. 2012-லிருந்து மஞ்சள் சட்டையில் பார்த்துப் பழகிய ஆளை, சாம் கரனையும் சேர்த்து ராஜஸ்தானுக்கு அனுப்பிவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கினால் உனக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அதை என்னிடம் வந்து புலம்புகிறாயே, நான் யாருடைய ரசிகன் என்பது ஞாபகம் இருக்கிறதா? ஆசையாகப் பார்த்த ஆட்டக்காரர்களை வேறு ஊருக்கு வழியனுப்புவதையே தொழிலாக வைத்திருக்கும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் டீமோடு இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். பனி விடாமல் கொட்டுகிறது. மூத்தவள் கல்லூரி விடுமுறைக்கு வந்துவிட்டு இந்த வாரம் கிளம்புகிறாள், வீடு மறுபடி அமைதியாகிவிடும். புத்தாண்டு அன்று பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். கார் நிறுத்த இடமில்லாத கூட்டம். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பையன்கள். ஒருவன் வேட்டிக்கு மேல் கறுப்பு மஞ்சள் ஜாக்கெட், இன்னொருவன் தலையில் 'பி' போட்ட தொப்பி. கையில் தட்டை வைத்துக்கொண்டு புது ஆள் ஓஹெர்னா, பழைய ஆள் மெக்கட்சனா என்று ஒரே சண்டை. ஜனவரி மாதம், வெளியே உறைபனி, கோயில் வரிசையில் பைரேட்ஸ் பேச்சு! நீ இங்கே இருந்த காலத்தில் ஆகஸ்டில்கூட யாரும் பேசமாட்டார்கள். அப்போதே நினைத்தேன், இதை உனக்கு எழுத வேண்டும் என்று.

நடந்தது என்னவென்றால், கிறிஸ்துமஸுக்கு முன்னால் பைரேட்ஸ் ரயன் ஓஹெர்ன் என்ற பேட்டரை இரண்டு வருஷத்துக்கு 2.9 கோடி டாலர் பேசி எடுத்தார்கள். மற்ற ஊர்களில் இது நாலாம் பக்கச் செய்தி. இங்கே அப்படியில்லை. வெளியிலிருந்து ஒரு ஃப்ரீ ஏஜென்டுக்கு, அதாவது ஒப்பந்தம் முடிந்து எந்த டீமுக்கும் போகலாம் என்றிருக்கும் ஆளுக்கு, ஒரு வருஷத்துக்கு மேல் ஒப்பந்தம் கொடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. கடைசியாகக் கொடுத்தது 2016 டிசம்பரில், இவான் நோவா என்ற பிட்சருக்கு, அதாவது பந்து போடுகிறவனுக்கு. ஃப்ரீ ஏஜென்டாக வந்த பேட்டருக்கு இதற்கு முன் இவர்கள் கொடுத்த பெரிய தொகை 2012-ல் ரஸ்ஸல் மார்ட்டினுக்கு, 1.7 கோடி. அந்த மார்ட்டின் வந்த அடுத்த வருஷம்தான், தொடர்ந்து இருபது சீசன் தோற்ற டீம் பிளேஆஃப் போனது. இந்தக் கணக்கை ஊரில் எல்லாரும் விரல் விட்டுச் சொல்கிறார்கள்.

ஓஹெர்னோடு நிற்கவில்லை. டாம்பா பேயிலிருந்து பிராண்டன் லாவை ட்ரேடில், ஆளுக்கு ஆள் மாற்றிக் கொண்டுவந்தார்கள். போன சீசனில் 31 ஹோம் ரன் (நம்மூர் சிக்ஸர் மாதிரி) அடித்தவன். அவனுக்காக மைக் பரோஸ் என்ற இளம் பிட்சரை ஹூஸ்டனுக்கு விட்டுக்கொடுத்தார்கள், மூன்று டீம் சேர்ந்த ட்ரேட் அது. பாஸ்டனிலிருந்து ஜஸ்டின்சன் கார்சியா என்ற பையன் வந்திருக்கிறான். அவன் பெயரின் ஸ்பெல்லிங்கைப் பார்த்து அங்கே வைத்த பட்டப்பெயர் 'பாஸ்வேர்ட்'! அவனுக்கும் முக்கிய விலை ஒரு பிட்சர்தான், யோஹான் ஒவியேடோ. இதையெல்லாம்விட ஆச்சரியம், போன வருஷம் 56 ஹோம் ரன் அடித்த கைல் ஷ்வார்பருக்கு நாலு வருஷத்துக்கு 12 கோடி டாலர் அளவில் தருகிறோம் என்று கேட்டதாகச் செய்தி வந்தது. அவன் பிலடெல்பியாவிலேயே ஐந்து வருஷத்துக்கு 15 கோடிக்கு இருந்துவிட்டான். இருந்தாலும் முதலாளி பாப் நட்டிங்கின் டீம் அந்தத் தொகையை வாய்விட்டுச் சொன்னதே பெரிய விஷயம்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஐபிஎல்லில் பத்து டீமுக்கும் ஏலத்துக்கு ஒரே 125 கோடி ரூபாய் பர்ஸ். அங்கே ஏன் அப்படி இல்லை என்று கேட்டிருந்தாய். இங்கே உச்சவரம்பு என்று ஒன்று கிடையாது. 2026-ல் 24.4 கோடி டாலரைத் தாண்டினால் அபராத வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். கட்டத் தயார் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். அடித்தளமும் கிடையாது. இவ்வளவாவது செலவழித்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு உள்ளூர் டிவி ஒப்பந்தம் மட்டும் 25 வருஷத்துக்கு 835 கோடி டாலர். வருஷத்துக்கு 33 கோடி ஆகிறது. பைரேட்ஸ் 2025-ல் டீம் முழுக்கக் கொடுத்த சம்பளம் 10 கோடியைத் தொடவில்லை. இதைச் சரிக்கட்டத்தான் ஒவ்வொரு டீமும் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட்டு முப்பது பேரும் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அதில் சின்ன ஊர் டீம்கள் போடுவதைவிட எடுப்பது அதிகம். எடுத்த பணத்தை ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்கிறார்களா என்பதுதான் இங்கே பல வருஷத்துச் சண்டை.

உனக்கு ஒரு தமாஷ். சென்னை இந்தத் தடவை இரண்டு புதுமுகங்களுக்குத் தலா 14.20 கோடி கொடுத்தது என்று வாயைப் பிளந்தாயே. இங்கே ஒரு பையன் டீமில் கால் வைத்தாலே குறைந்தபட்சச் சம்பளம் 7.8 லட்சம் டாலர். உன் கணக்கில் ஏழு கோடி ரூபாய்.

சின்ன ஊர், பணமில்லை என்ற பல்லவியை நான் முன்பெல்லாம் பரிதாபத்தோடு கேட்பேன். இப்போது கேட்பதில்லை. காரணம் மில்வாக்கி. டிவி சந்தையாகப் பார்த்தால் இந்த லீகிலேயே மிகச் சின்ன ஊர் அதுதான், பிட்ஸ்பர்க்கைவிடச் சின்னது, நம் டிவிஷனிலேயே, அதாவது லீகில் நம் பிரிவிலேயே ஆடுகிறது. 2025-ல் 97 வெற்றி, முப்பது டீமில் முதலிடம். டிவிஷன் பட்டம் தொடர்ந்து மூன்றாவது வருஷம். அவர்களும் விற்கிறார்கள். பிட்சர் கார்பின் பர்ன்ஸை விற்றார்கள், ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) ஜோயி ஓர்ட்டிஸ் வந்தான். இன்னொரு பிட்சர் டெவின் வில்லியம்ஸை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றார்கள், கேலப் டர்பின் வந்தான். போன சீசனில் மூன்றாம் பேஸ் அவனுடையது. விற்ற அன்றே அந்த இடத்தில் யார் நிற்பார்கள் என்பது தெரிந்திருக்கும். நம் ஆட்கள் விற்றதை நினைத்துப் பார். பிட்சர் கெரிட் கோலை 2018 ஜனவரியில் ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். அதே வருஷம் ஜூலையில் கிறிஸ் ஆர்ச்சர் என்ற ஒரே பிட்சருக்காக டைலர் க்ளாஸ்நோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் மூவரையும் கொடுத்தார்கள். கோல் பிறகு யாங்கீஸில் 32.4 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டான். க்ளாஸ்நோ 2025-ல் டாட்ஜர்ஸோடு வேர்ல்ட் சீரிஸ், அதாவது லீகின் கோப்பையே ஜெயித்தான். ஆர்ச்சர் எங்கே என்று கேட்காதே.

நீ ஊருக்குக் கிளம்பிய 2003-ல் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அராமிஸ் ரமிரெஸுக்கு அப்போது 25 வயசு. டீமின் கடனைக் குறைக்க வேண்டும் என்று அவனைச் சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார்கள். பதிலுக்கு வந்தவர்கள் பெயர் எனக்கே தேடித்தான் தெரியும். நீ அன்று ராத்திரி அபார்ட்மென்டில் ரேடியோவை அணைத்துவிட்டு, இனி இந்த டீமைப் பற்றி என்னிடம் பேசாதே என்றாய். அவன் 2015-ல், தன் கடைசி சீசனில் இங்கேயே திரும்பி வந்துதான் ஓய்வு பெற்றான். அது உனக்குத் தெரியுமா?

சரி, ஸ்கீன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அவனைப் பற்றிப் பேசாமல் இந்தக் குளிர்காலம் புரியாது. பிட்சர் பால் ஸ்கீன்ஸ், டீம்கள் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2023-ல் முதல் ஆள். 2024 மே 11-ஆம் தேதி முதல் ஆட்டம். அந்த வருஷமே சிறந்த புதுமுகம். 2025-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, ஓட்டுப் போட்ட எல்லாரும் அவனுக்கே முதலிடம் கொடுத்தார்கள். ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்குச் சராசரி 1.97 ரன்தான் கொடுத்தான். இப்படிப் போட்டவனின் வெற்றி தோல்விக் கணக்கு என்ன தெரியுமா? பத்து வெற்றி, பத்து தோல்வி. ஏனென்றால் நம் பேட்டர்கள் சீசன் முழுக்க 117 ஹோம் ரன்தான் அடித்தார்கள், முப்பது டீமிலும் கடைசி. அவன் ஏழு இன்னிங்ஸ் ஒரு ரன் கொடுத்துவிட்டு டக்அவுட்டில் உட்காருவான். நம் ஆட்கள் வரிசையாகப் போய் ஸ்ட்ரைக் அவுட் ஆகித் திரும்புவார்கள். கேமரா அவன் முகத்தையே காட்டும். அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் டிவியை உடைக்கலாம் போல இருக்கும்.

அவனுக்குப் போன வருஷச் சம்பளம் 8,75,000 டாலர். இளம் ஆட்டக்காரர்களுக்கான பொது போனஸ் நிதியிலிருந்து கூடுதலாக 34 லட்சம் வந்தது. முதல் மூன்று வருஷம் டீம் சொல்வதுதான் சம்பளம், அடுத்த மூன்று வருஷம் ஆர்பிட்ரேஷன் (பேசி ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்பு), அதற்கப்புறம் விடுதலை. 2024-ல் அவனை மே வரை மைனர் லீக் என்ற கீழ்நிலை ஆட்டத்திலேயே வைத்திருந்தார்கள். கை இன்னும் பழக வேண்டும் என்று சொன்னார்கள். ஒரு வருஷம் கூடுதலாகப் பிடித்து வைக்கத்தான் என்பது ரசிகர்கள் சந்தேகம். அப்படியே இருந்தாலும் பலிக்கவில்லை. சிறந்த புதுமுகம் விருது வாங்கியதால் விதிப்படி அவனுக்கு முழு வருஷம் ஆடிய கணக்குக் கிடைத்துவிட்டது. ஆக 2029 சீசன் முடிந்ததும் அவன் ஃப்ரீ ஏஜென்ட். அன்றைக்கு அவன் கேட்கும் விலையை இந்த ஊர் கொடுக்காது. 2025 வரை பைரேட்ஸ் சரித்திரத்திலேயே பெரிய ஒப்பந்தம் பிரையன் ரெய்னால்ட்ஸுக்குக் கொடுத்த 10.67 கோடி டாலர், அதுவும் எட்டு வருஷத்துக்கு.

ஆகவே என் கட்சி இதுதான். ஸ்கீன்ஸை வைத்திருக்க முடியுமா என்று இப்போதே அழுவது வீண். அவன் இன்னும் நாலு சீசன் இங்கேதான். அந்த நாலு சீசனில் அவன் சம்பளம் கம்மியாக இருக்கும்போதே மிச்சமாகும் பணத்தைப் பேட்டர்கள்மேல் கொட்ட வேண்டும். கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துவிட்டுப் பந்தி போடாமல் காசை மிச்சம் பிடித்தால் அப்புறம் என்ன கல்யாணம்? 2024, 2025 இரண்டையும் அப்படித்தான் வீணாக்கினார்கள். முதல் சீசனில் 76 வெற்றி, அடுத்ததில் 71. 2025 மே மாதமே மேனேஜர் ஷெல்டனை அனுப்பிவிட்டு டான் கெல்லியைப் போட்டார்கள். ஜூலையில் கிப்ரயன் ஹேய்ஸையும் டேவிட் பெட்நாரையும் விற்றார்கள். பெட்நார் இந்த ஊர்ப் பையன். அதுதான் எனக்கு வலித்தது.

போன வசந்தத்தில் இன்னொரு கூத்து. மைதானத்தின் வலது பக்கச் சுவர் உனக்கு ஞாபகம் இருக்கும், பைரேட்ஸின் பழைய நாயகன் ராபர்ட்டோ க்ளெமென்டேயின் 21-ஆம் நம்பருக்காகவே 21 அடி உயரம் வைத்துக் கட்டியது. அதில் இருந்த அவருடைய 21 அடையாளத்தை எடுத்துவிட்டு மதுபான விளம்பரம் ஒட்டினார்கள்! அவர் மகன் வருத்தப்பட்டுப் பேசினார், ஊரே கொதித்தது, மன்னிப்புக் கேட்டுப் பழையபடி வைத்தார்கள். டீமை விற்றுவிட்டுப் போ என்று நட்டிங்கைப் பார்த்து அரங்கமே கத்திய சீசன் அது. இந்தக் குளிர்காலத்தில் பர்ஸ் திறந்ததற்கு அந்தச் சத்தமும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். ஸ்கீன்ஸைத் தேடி வரும் கூட்டம் இன்னொரு காரணம்.

வாங்கியது சரியா என்றால், பெரும்பாலும் சரி. இந்த டீமில் பிட்சர்கள் உபரி, மட்டை பிடிக்க ஆளில்லை. இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்கியிருக்கிறார்கள். லாவ் விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தல். இந்த ஒரு சீசன் ஆடிவிட்டு அவன் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிவிடுவான், பரோஸோ பல வருஷத்துக்கு ஹூஸ்டனுக்குக் கிடைத்துவிட்டான். ஜூலையில் டீம் பின்தங்கியிருந்தால் லாவையும் விற்றுவிடுவார்கள். அப்படி நடந்தால் மறுபடி பழைய கதை. ஷார்ட்ஸ்டாப்புக்குக் கானர் கிரிஃபின் இருக்கிறான், 19 வயசு. போன வருஷம் மைனர் லீகில் 21 ஹோம் ரன், 65 பேஸ் திருடினான். அவனையாவது கணக்குப் பார்த்துப் பூட்டி வைக்காமல் தயாரானதும் இறக்க வேண்டும்.

இனி ஜடேஜா. உன் ஜடேஜாவுக்கு என்னிடம் இருப்பவன் ஆண்ட்ரூ மெக்கட்சன். 2013-ல் எம்விபி, லீகின் சிறந்த ஆட்டக்காரன். 2018-ல் விற்றார்கள், 2023-ல் திரும்பி வந்தான். ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு வருஷ ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது 39 வயசு. இன்னும் கூப்பிடவில்லை. ஓஹெர்ன் வந்தபின் அவன் ஆடும் இடமும் போய்விட்டது. கோயில் வரிசையில் வேட்டிக்காரப் பையன் சொன்னான், அந்தக் காசில் இன்னொரு அடிக்கிற ஆளை எடுக்கலாம் என்று. தொப்பிக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. கணக்குப்படி வேட்டிக்காரன் சொல்வதுதான் நியாயம். இவ்வளவு நேரம் நான் பேசியதும் அதே கணக்குத்தான். ஆனால் மெக்கட்சன் இல்லாமல் சீசன் தொடங்கினால் எனக்குப் பிடிக்காது. இதற்குமேல் என்னிடம் வாதம் இல்லை.

வருகிற டிசம்பர் 1-ஆம் தேதி முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிகிறது. சம்பள உச்சவரம்பு வேண்டும் என்று முதலாளிகள் நிற்பார்கள், சங்கம் ஒத்துக்கொள்ளாது, கதவடைப்பு வரலாம் என்று பேச்சு. அதனால் நீ வருவதாக இருந்தால் இந்த வருஷமே வா. மகன் மே மாதம் டிக்கெட் போடுவதாக எழுதியிருந்தாயே, தேதி முடிவானதும் உடனே சொல். ஸ்கீன்ஸ் ஐந்தாறு நாளுக்கு ஒரு முறைதான் பந்து போடுவான், அவன் போடும் நாளாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஆற்றைப் பார்த்த மேல்வரிசை சீட்டே எடுக்கிறேன், முழங்காலுக்கு லிஃப்ட் இருக்கிறது.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்