கிபானா கணக்குல அவன் மூணு நாளா வேலையே செய்யல

மச்சான்,

நீ அனுப்புன வாய்ஸ் நோட்ட நேத்து ராத்திரி பாண்டி பீச் ரோட்ல நடந்துகிட்டே கேட்டேன், சாயங்காலத்துக்கு மேல அங்க வண்டி விட மாட்டாங்கல்ல, அதனால ஆரன் சத்தம் இல்லாம முழுசா கேக்க முடிஞ்சுது. பாதிக்கு மேல உங்க கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டு ஓனர் புராணம் தான். அதுக்கு தனியா ஃபோன் பண்றேன். அம்மாவுக்கு முட்டி வலி குறைஞ்சிருக்குன்னியே, அது கேட்டு மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. இங்க சின்னவன் டென்த், வீடே கர்ஃப்யூ மாதிரி கிடக்கு.

சரி, நீ கேட்ட விஷயம். "உன்கிட்ட தான் எலாஸ்டிக்சர்ச்னு அந்தத் தேடல் சாஃப்ட்வேர் ஓடுதே, சர்வர் தானா எழுதி வெக்கற லாக் எல்லாம் அதுக்குள்ள தான் போகுது, யார் எப்ப லாகின் பண்ணான் எப்ப புரோகிராம் கோடு ஏத்துனான்னு எல்லாம் தெரியுதே, அப்புறம் எதுக்குடா டைம் டிராக்கர்னு ஒண்ணு தனியா வெச்சு பசங்க உயிர வாங்குற?" இதான கேட்ட? மச்சான், இதே கேள்விய நானும் என்னையே கேட்டுக்கிட்டு ரெண்டு மாசம் முட்டாத்தனம் பண்ணேன். அந்தக் கதையத்தான் இப்ப எழுதப் போறேன், நீயும் அதே பள்ளத்துல விழாம இருக்கணும்ல.

எங்க ஆபீஸ் பாண்டிச்சேரி லாஸ்பேட்டைல, ஒம்பது பேரு. டைம் டிராக்கர்னு நாங்க வெச்சிருக்கறது கிமாய், ஓப்பன் சோர்ஸ், பிஹெச்பில எழுதுனது, பின்னாடி சாதா மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். அதுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்தா பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. யாரு, எந்த கிளையன்ட், எந்த புராஜெக்ட், என்ன வேலை, எப்ப ஆரம்பிச்சான், எப்ப முடிச்சான். அவ்ளோ தான், ஒரு வரி. நம்ம மளிகைக் கடை அண்ணாச்சி நோட்டு மாதிரி. மாசக் கடைசில கூட்டிப் போட்டா இன்வாய்ஸ்.

எலாஸ்டிக் அப்படி இல்ல. 1999ல வந்த லூசீன்ங்கற தேடல் லைப்ரரி (ரெடிமேட் கோடு தொகுப்பு) மேல கட்டுனது. ஷாய் பானன்னு ஒருத்தரு, பொண்டாட்டி லண்டன்ல சமையல் படிக்கப் போயிருக்காங்க, அவங்களுக்கு சமையல் குறிப்பு தேடறதுக்கு ஒண்ணு பண்ணித் தரலாம்னு ஆரம்பிச்சவரு தான், அது வளர்ந்து மாறி 2010ல எலாஸ்டிக்சர்ச்னு வெளிய வந்துச்சு. ஸ்கூல் புக்குல கடைசிப் பக்கத்துல இந்தச் சொல் இந்தப் பக்கத்துல இருக்குன்னு போட்டிருப்பாங்கல்ல, அதே வேலைய ஒவ்வொரு வார்த்தைக்கும் செஞ்சு வெச்சுக்கும், அதனால தான் கோடி வரில ஒரு எர்ரர தேடச் சொன்னா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கொண்டாந்து கொடுக்குது. லைசென்ஸ் சண்டை பத்தி கேட்டிருந்த, 2021ல எலாஸ்டிக் கம்பெனிக்காரங்க லைசென்ஸ மாத்துனாங்க, உடனே அமேசான் பிரிச்சிக்கிட்டுப் போய் ஓப்பன்சர்ச்னு ஆரம்பிச்சான், 2024ல மறுபடி ஏஜிபிஎல்ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்ல தரோம்னாங்க. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு எதை எடுத்தாலும் ஒண்ணு தான்.

இப்ப என் முட்டாத்தனத்துக்கு வரேன். ஒரு கிளையன்ட் பில்லப் பார்த்துட்டு 31 மணி நேரமாச்சா, எப்படி நம்பறதுன்னு கேட்டான். எனக்கு ரோஷம். லாக்ல இருந்தே காமிக்கறேன் பாருன்னு உக்காந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ஒவ்வொரு பையனும் ஒரு நாளைக்கு எத்தன மணிலேர்ந்து எத்தன மணி வரைக்கும் சிஸ்டத்த தொட்டான்னு கணக்கெடுத்து, எலாஸ்டிக்ல இருக்கறத படமா காட்டற கிபானால கலர் கலரா ஒரு டேஷ்போர்டு போட்டுட்டேன். பார்க்க அவ்ளோ அழகா இருந்துச்சு மச்சான், மூணு நாளு அதையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன்.

மொத அடி, நம்ம நைட் ஷிஃப்ட் பையன் கணக்குல. ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் செஞ்ச வேலையெல்லாம் முந்தின நாள்ல போய் விழுந்து கிடக்கு. என்னடான்னு பார்த்தா எலாஸ்டிக் நேரத்த யூடிசில (நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி இருக்கற உலகப் பொது நேரம்) தான் வெச்சுக்குது, நம்ம ஸ்கிரிப்ட்ல டைம்ஸோன் சொல்லாம நாள் நாளா பிரிக்கச் சொன்னா அதுக்கு ஒரு நாள்ங்கறது நம்மூரு காலைல அஞ்சரைலேர்ந்து மறுநாள் அஞ்சரை வரைக்கும். கிபானா திரைல பார்த்தா சரியா தான் தெரியும், அது பிரவுசர் நேரத்த எடுத்துக்கும், அதான் நான் கவனிக்கல. ஒண்ணாந்தேதி விடிகாலைல பார்த்த வேலை முந்தின மாச பில்லுல ஏறிடும் பாரு! ஏசியா கொல்கத்தான்னு ஒரே ஒரு வரி சேர்த்தா சரியாகுது, ஆனா அத கண்டுபிடிக்கறதுக்குள்ள அந்தப் பையன்கிட்ட நேத்து ஏன் லீவுன்னு கேட்டுத் தொலைச்சிட்டேன்.

அடுத்தது இன்னும் மோசம். தீபாவளி லீவுல எவனும் பார்க்கல, டிஸ்க் ரொம்பிடுச்சு. 95 சதவீதம் தாண்டுனா எலாஸ்டிக் டேட்டா வெச்சிருக்கற இன்டெக்ஸுக்கு தானே பூட்டுப் போட்டுடும், படிக்கலாம், புதுசா எழுத முடியாது. லீவு முடிஞ்சு வந்து எல்லாரும் மும்முரமா வேலை பார்க்கறானுங்க, டேஷ்போர்டுல ஆபீஸே காலி. இதுல அந்த கிளஸ்டர், அதாவது எங்க எலாஸ்டிக் செட்டப், நிலவரம் எப்பவும் எச்சரிக்கை மஞ்சக் கலர்ல தான் இருக்கும், ஏன்னா ஒரே மெஷின்ல வெச்சிருக்கோம், ரெப்ளிகா, அதாவது டேட்டாவுக்கு இன்னொரு காப்பி, வைக்க ரெண்டாவது மெஷின் இல்ல, அதனால மஞ்ச மஞ்சன்னு பழகி எந்த எச்சரிக்கையும் கண்ணுல படல.

சரி அதுவாச்சும் மெஷின் தப்பு. எனக்கு உறைச்சது சீனியர் பையன் விஷயத்துல தான். டேஷ்போர்டுல மூணு நாள் அவன் பேர்ல ஒரு பதிவு கூட இல்ல, சுத்தமா சைபர். கூப்ட்டு கேட்டேன். அவன் ஒண்ணும் பேசல, நோட்ட எடுத்து விரிச்சான், பதினாலு பக்கம், டேபிள் டிசைன் பென்சில்ல போட்டு அழிச்சு போட்டு அழிச்சு பேப்பர் பஞ்சாயிருக்கு. அந்த மூணு நாளும் அவன் கீபோர்ட தொடல, யோசிச்சிருக்கான். அதே புராஜெக்ட்ல நான் பில் போட்டதுல உருப்படியான வேலையே அந்த மூணு நாள் தான் மச்சான்.

உடனே ஃபெஞ்சல் புயல் ஞாபகம் வந்துச்சு. 2024 நவம்பர் 30, உங்க பக்கம் அடுத்த ரெண்டு நாள்ல பெண்ணையாத்துல தண்ணி வந்து நீங்க பட்ட பாடு வேற. இங்க கரண்ட் இல்ல, நெட் இல்ல, ரெண்டு பசங்க முட்டியளவு தண்ணில வந்து சர்வரையும் யூபிஎஸ்ஸையும் மாடிக்குத் தூக்குனானுங்க. லாக்ல அந்த நாளே கிடையாது, கிமாய்ல பின்னாடி வந்து கையால எழுதுன 14 மணி நேரம் இருக்கு.

எங்கப்பா மில்லுல இருந்தவரு, நீ பார்த்திருக்க. ஓவர்டைம் பார்த்த அன்னிக்கெல்லாம் காலண்டர் தாள்ல பென்சில்ல ஒரு கோடு போட்டு மணிய எழுதி வெப்பாரு, சம்பளத்தன்னிக்கு மேஸ்திரி கணக்கும் இவரு கணக்கும் இடிச்சா அந்தத் தாள எடுத்துட்டுப் போவாரு. எட்டு மணி நேர வேலைக்காக 1936 ஜூலை 30ல 12 பேர் குண்டடி பட்டு செத்த ஊருடா இதுன்னு அடிக்கடி சொல்லுவாரு. கிமாய் அந்த காலண்டர் தாளு. நான் கிபானால போட்டது மேஸ்திரி கணக்கு. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சேன் பாரு.

அதுக்குன்னு டைம்ஷீட் சத்தியம்னு சொல்ல வரல. ஒருத்தன் வெள்ளிக்கிழம டைமர நிறுத்த மறந்து போயிட்டான், திங்கக்கிழம வந்து பார்த்தா 63 மணி நேரம் ஓடியிருக்கு. அங்க தான் லாக் உதவுச்சு, வெள்ளிக்கிழம அவன் கடைசியா எப்ப கோடு ஏத்துனான்னு பார்த்து ரெண்டு பேரும் சேர்ந்து திருத்தினோம். இப்ப நான் பண்றது இன்னொண்ணு, டைம்ஷீட்ல பசங்க எழுதற குறிப்பெல்லாம் ராத்திரி எலாஸ்டிக்குக்கு ஒரு காப்பி போகுது. போன வருஷம் இதே மாதிரி பேமெண்ட் பிரச்சனை யார் பார்த்தான்னு தேடுனா டக்குன்னு வருது. ஒரே தொல்லை, பாதிப் பேரு தமிழ்ல எழுதறானுங்க, கடலூர், கடலூர்ல, கடலூருக்கு இதெல்லாம் அதுக்கு வேற வேற வார்த்தை. மொத ரெண்டு மூணு எழுத்து வெச்சு தேடற மாதிரி ஒரு இன்டெக்ஸ் பண்ணி சமாளிக்கறேன். பில்லு மட்டும் கிமாய்ல இருந்து தான், அத மாத்தவே மாட்டேன்.

டேஷ்போர்ட எடுத்துட்டேன். அந்த சீனியர் பையன் ஒரு வாரம் என்கிட்ட சரியா பேசல, இப்ப பரவால்ல.

உனக்கு பன்னெண்டு பேரு, ஆளுக்கு ஒரு சர்வர் கூட இல்ல, உனக்கு எலாஸ்டிக்கே வேணாம். மூலைல கிடக்குதுன்னியே அந்த பழைய மெஷின், அதுல எத்தன ஜிபி ரேம்னு பார்த்து சொல்லு, நாலு ஜிபி இருந்தா கூட கிமாய் போட்டுடலாம். ஞாயித்துக்கிழம நானே பஸ் ஏறி வந்து போட்டுத் தரேன். தங்கச்சிகிட்ட மீன் கொழம்பு சொல்லி வை, ஓனர் கதையையும் அப்பவே மொத்தமா கேட்டுக்கறேன்.