படகுத்துறைச் சேற்றைச் சுத்திகரிக்காமல் கடலில் கொட்டுவதைத் தடுக்கக் கோரி மனு

அனுப்புநர்:
கடற்பாசி எடுக்கும் பெண்கள்,
மண்டபம் ஒன்றியக் கடலோரக் கிராமம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: தூர்வாரிய சேற்றைப் பரிசோதித்து, சுத்திகரித்த பிறகே அப்புறப்படுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர்ப் படகுத்துறை தூர்ந்துபோய், நீர் வற்றும் நேரத்தில் படகுகள் தரைதட்டுகின்றன. தூர்வாரித் தரும்படி கேட்டவர்களில் நாங்களும் உண்டு. ஆனால் போன மாதம் வாரிய சேற்றை, நாங்கள் பாசி எடுக்கும் பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டுக்கு) பக்கத்திலேயே கொட்டிவிட்டார்கள்.

விரலில் துணி சுற்றி, காலில் தகரம் கட்டி, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவர்கள் நாங்கள். கொட்டிய மறுநாள் முங்கினால் கைக்கெட்டும் பாறைகூடத் தெரியவில்லை. விரல் துணியைப் பிழிந்தால் மைபோல் வழிந்தது. டீசல் வாடை இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, தீவுப் பக்கம் பாசி எடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை. கரையோரப் பார்தான் மிச்சம்.

சிந்திய டீசல், கழிவு எண்ணெய், படகடியில் சிப்பி பிடிக்காமலிருக்கப் பூசும் செம்பு கலந்த பெயிண்ட் எல்லாம் பல வருஷமாக இறங்கிய சேறு அது. எண்ணெயை நுண்ணுயிர்கள் மெல்லத் தின்றுவிடும். செம்பும் ஈயமும் மக்காது. காற்றுப் படாத சேற்றுக்குள் கந்தகத்தோடு கட்டுண்டு கிடக்கும் அந்த உலோகங்கள், கிளறிக் கொட்டும்போது தண்ணீரில் கலக்கத் தொடங்கும்.

எனவே, முதலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூலம் சேற்றைப் பரிசோதித்து, முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் செய்ய வேண்டும். வாரும்போது துறையைச் சுற்றிச் சேறு பரவாத திரை கட்ட வேண்டும். நஞ்சு பெரும்பாலும் நுண்சேற்றில்தான் ஒட்டியிருக்கும். அலசி மணலைப் பிரித்தாலே அப்புறப்படுத்த வேண்டிய அளவு குறையும். மீதியைச் சிமெண்ட் கலந்து இறுக்கி, கசியாத விரிப்புப் போட்ட குழியில், நிலத்தில் வைக்கலாம். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் பாதரசச் சேற்றை வாரி அடைக்க 1977 முதல் 1990 வரை ஆனது. எங்கள் துறையில் அவ்வளவு நஞ்சு இருப்பதாக நாங்கள் சொல்லவில்லை. இது ஒரு துறையின் சேறுதான். இப்போதே கையாண்டுவிட முடியும்.

வரும் வாரம் மறுபடி வாரப்போவதாகச் சொல்கிறார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை கடலில் கொட்டுவதை நிறுத்த உத்தரவிடும்படி பணிவுடன் வேண்டுகிறோம். பாரில் அள்ளிய சேறு ஒரு பாட்டிலில் இம்மனுவுடன் உள்ளது.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் பெண்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் பின்பக்கம்)