முதலில் நடைபாதை, பிறகு மாடிகள்

ஆசிரியருக்கு,

சென்னையின் வளர்ச்சிக்கான 3ஆவது பெருந்திட்டத்தில் (2027-2046) மெட்ரோ நிலையங்களைச் சுற்றி அடர்த்தியான குடியிருப்புகள் வர வேண்டும் என்ற கருத்து பற்றிய செய்தியைப் படித்தேன். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் மாடிகளைக் கூட்டினால் மட்டும் மக்கள் ரயிலேறிவிட மாட்டார்கள். வீட்டிலிருந்து நிலையம்வரை நிம்மதியாக நடக்க முடிய வேண்டும். 1995இல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலின் பிரம்மாண்ட நிலையக் கட்டிடங்கள் பலவற்றில் மேல்தளங்கள் வெறிச்சோடிக் கிடந்ததை நாம் பார்த்தவர்கள்தானே.

என் வீட்டிலிருந்து ரயில் நிலையம் 700 மீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் நடைபாதை மூன்று இடங்களில் அறுந்துபோகிறது. நிழலுக்கு ஒரு மரமில்லை. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். எழுபது வயதைத் தாண்டிய என் அம்மா ஆட்டோவில்தான் நிலையத்துக்குப் போகிறார், ரயில் கட்டணத்தைவிட அதிகம் கொடுத்து. பக்கத்தில் இருபது மாடி எழும்பினாலும் அங்கே குடிவருபவர்கள் கார்தான் வாங்குவார்கள். எனவே, வழக்கமான அளவைவிடக் கூடுதல் தளப்பரப்பு கட்ட அனுமதிப்பதற்காகக் கட்டுநர்களிடம் வசூலிக்கும் கட்டணத்தில் ஒரு பங்கை, அந்தந்த நிலையத்தைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் நடைபாதை, மரம், மழைநீர் வடிகால், தெருவிளக்கு ஆகியவற்றுக்கே செலவிட வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிடலாம். 118.9 கிலோமீட்டர் நீளும் மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகள் நடக்கும் இப்போதே அதைத் தொடங்கலாம்.

- ஒரு வாசகர், சென்னை