ஜெயிலில் ஏது தனிமை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பவுலின் சிறை நிருபங்கள், அதாவது அப்போஸ்தலன் பவுல் காவலில் இருந்தபோது எழுதிய பைபிள் கடிதங்கள், பற்றிய கட்டுரையை வாசித்தேன். சிறை அவருக்கு ஆசிரமம் போல வாய்த்ததாம். கவலையில்லாத தனிமையில் உட்கார்ந்து எழுதினாராம். கட்டுரையாளர் ஒரு ராத்திரியாவது ஜெயிலுக்குள் இருந்திருக்கிறாரா? நான் 29 வருடம் இருந்தேன், வார்டராக, அதாவது சிறைக் காவலராக. அங்கே பீடி கிடைக்கும், தனிமை கிடைக்காது.

ரோமில் பவுல் வாடகை வீட்டில் காவலில் இருந்த 2 வருடமும் கூடவே ஒரு போர்ச்சேவகன். சங்கிலி வேறு. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி வசனத்தை மட்டும் தன் கையாலே எழுதி, "என் கட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். கவலையில்லாத மனுஷன் எழுதுகிற வரியா அது?

உங்களுக்குத் தெரியாததல்ல, அந்தக் காலத்துச் சிறை பெரும்பாலும் விசாரணை முடியும்வரை அடைத்து வைக்கிற இடம்தான். சோறு, துணிக்கெல்லாம் வெளியாட்களை நம்பித்தான் இருக்கவேண்டும். பிலிப்பி ஊர்ச் சபையிலிருந்து பவுலுக்கு உதவி கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்தார். ரோமுக்கு முன்னால் பவுல் காவலில் இருந்த செசரியாவிலோ, தேசாதிபதி பேலிக்ஸ் பணம் தேறும் என்று பவுலை அடிக்கடி கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். (அந்த அதிகாரத்தைச் சபையில் வாசித்தால் எனக்கு இருமல் வரும்.)

தபால்களைப் படித்துப் பார்த்து அனுப்பும் வேலை கொஞ்சநாள் என்னிடம் இருந்தது. வயசான ரிமாண்ட் கைதி ஒருவர் இன்லண்ட் லெட்டர் முழுக்க "நான் சௌக்கியம், நீங்கள் சௌக்கியமா" என்றே எழுதுவார். ஒட்டுகிற மடிப்பில்தான் விஷயம் இருக்கும்: அடுத்த மனுவுக்கு (கைதியைப் பார்க்க) வரும்போது கம்பளி கொண்டு வா, மழைக்கு முன்னால் வா. அப்புறம் பவுல் பெயரில் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தை எடுத்துப் பாருங்கள். கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா, மாரிகாலத்துக்கு முன் வந்து சேர் என்று இருக்கும். அது பவுல் எழுதியதே இல்லை என்று படித்தவர்கள் பலர் சொல்கிறார்கள். சரி, யார் எழுதியிருந்தாலும் ஜெயில் தெரிந்தவர்.

இதைச் சொல்லப்போனால் பழையதெல்லாம் ஞாபகம் வருகிறது. "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதிய வசனத்தை கிரிக்கெட் மட்டையோடு நிற்கும் பையன் படத்துக்குக் கீழே போட்டீர்கள். அதற்கு முந்தின வசனம் பட்டினியைப் பற்றியது என்று மூன்று பக்கம் எழுதினேன். நான்கு வரி வந்தது. மீதியை வெட்டிய புண்ணியவானுக்கு நன்றி. கிறிஸ்துமஸ் மலர் பொங்கலுக்கு வந்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரையில் பிலேமோன் நிருபத்துக்கு ஒரு வரிகூட இல்லை. பிலேமோனின் அடிமை ஒநேசிமுவுக்காக, அவன் பட்ட கடனை என் கணக்கில் எழுது என்று அந்தப் பிலேமோனிடமே சொல்கிறார் பவுல். அதோடு விடாமல், நான் வந்தால் தங்க இடம் தயார் செய் என்றும் சொல்லிவைக்கிறார். ஜாமீன் கிடைத்துவிடும் என்று ஒவ்வொரு வாய்தாவுக்கும் துணியை மடித்து வைக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

மொத்தமே 25 வசனம், அரைப் பக்கம் போதும். ராசிபலனுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறீர்கள். அடுத்த இதழில் அந்த நிருபத்தை முழுசாகப் போடுங்கள். என் கடிதத்தைப் போட்டால், போன தடவை மாதிரி "வார்டு உறுப்பினர்" என்று அச்சடித்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்டர்,
நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்