வள்ளிக்கும் வேலனுக்கும் உடுப்புத் தைத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

பங்குனி உத்திரத்தன்று கோயில் திடலில் ‘வள்ளி திருமணம்’ நாடகம் நல்லபடியாக நடந்து முடிந்தது. பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் அன்றைக்கே மேடையில் துண்டு போர்த்தியாயிற்று. உடுப்பும் கிரீடமும் செய்துகொடுத்தவர்கள் மட்டும் எத்தனை தடவை கூப்பிட்டும் மேடை ஏறவில்லை. படுதாவுக்குப் பின்னால் ஊசியும் நூலுமாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

ஸ்பெஷல் நாடகம் என்றால் நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி வரவழைப்பதுதான் வழக்கம். கதாநாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட்டும் கதாநாயகி வேடம் கட்டும் ஸ்திரீபார்ட்டும் அவரவர் உடுப்புப் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். ஊர்க்காரர்களுக்கு உடுப்புக் கவலையே கிடையாது. இந்த வருடம் நம் ஊர்ப் பிள்ளைகளே பாடி நடிப்பது என்று முடிவான பிறகுதான், நம்மிடம் பெட்டியே இல்லை என்பது உறைத்தது. இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்து (1922) நூறு வருடம் தாண்டியும் அவருடைய பாட்டு நம்மவர்கள் வாயில் தானாக வருகிறது. வெல்வெட் கோட்டு அப்படி வருமா?

முதல் நன்றி, முப்பது நாற்பது வருடம் ராஜபார்ட் கட்டி ஓய்ந்த பெரியவருக்கு. தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்து, “அளவு எடுத்துக்கங்க, அப்புறம் நான் சொல்றதையும் கேட்டுக்கங்க” என்றார். நாங்கள் கிரீடத்தின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் காதைப் பற்றியும் தாடையைப் பற்றியும் பேசினார். கிரீடத்தின் பக்கவாட்டுப் பூ காதை மூடினால் ஆர்மோனியச் சுருதி கேட்காது, பாட்டு விலகிவிடும். நாடாவைத் தாடைக்குக் கீழே கட்டினால் மேல் ஸ்தாயியில் வாயைத் திறக்க முடியாது. ஆகவே பூவைக் காதுக்குப் பின்னால் தள்ளி வை, நாடாவைப் பிடரியில் இறக்கிக் கட்டு, உள்ளே நெற்றியைச் சுற்றி ஸ்பாஞ்ச் ஒட்டு என்றார். பாடுகிறவனின் கிரீடத்துக்கு இதைவிடப் பெரிய பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நம் வேலன் அன்றைக்குக் கழுத்தை எப்படித் திருப்பியும் கிரீடம் அசையவில்லை, சுருதியும் விலகவில்லை.

அந்தக் கிரீடத்தை உருவாக்கியவர்கள் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கவிழ்த்த பானையின் மேல் பழைய செய்தித்தாளை அடுக்கடுக்காக ஒட்டி, காயவைத்து, மறுபடி ஒட்டினார்கள். கடைப் பசை வேண்டாம் என்று புளியங்கொட்டைப் பசை காய்ச்சிக் கொடுத்தது சத்துணவுக்கூடத்து அக்கா. பூச்சி அரிக்காமலிருக்க அதில் வெந்தயமும் அரைத்துச் சேர்த்தார். தங்கத்தாளும் கல்லும் ஒட்டிய பிறகும் அந்தக் கிரீடத்தை ஒரு விரலில் தூக்கலாம்.

துணி வேலை முழுக்க மதுரையில். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாறிய தையல்காரர்களில் ஒருவர் நமக்கு வாய்த்தார். பங்குனி பிறந்துவிட்டால் அவர்களுக்குச் சித்திரைத் திருவிழா வேலை குவியும். கள்ளழகர் வேடம் கட்டுகிறவர்களுக்கான உடுப்பும் தலைப்பாகையும் கடை முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த நெருக்கடியிலும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். வெல்வெட்டை வெட்டுவதற்கு முன்னால் உள்ளங்கையால் ஒருதரம் தடவிப் பார்த்தார். ரோமம் படியும் வாக்கு, அதாவது திசை, முதுகுக்கும் கைக்கும் ஒன்றாக இல்லாவிட்டால், மேடை விளக்கில் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியுமாம். துணி கொஞ்சம் வீணானாலும் பரவாயில்லை என்று எல்லாத் துண்டையும் ஒரே வாக்கில்தான் வெட்டினார். உள்ளே பருத்தி லைனிங்கும் வைத்தார்.

வேலன், வேடன், விருத்தன் மூன்றும் ஒரே ஆள் என்பதால் இன்னொரு சிக்கல். வேடன் போய்க் கிழவன் வருவதற்குள் கோட்டைக் கழற்றி, தாடி கட்டி, முதுகை வளைத்தாக வேண்டும். கோட்டின் முன்பக்கம் நீங்கள் பார்த்த பொத்தான்கள் வெறும் ஒப்புக்குத்தான்; அவிழ்ப்பதெல்லாம் முதுகுப் பக்கத்து வெல்க்ரோ. அது பிரியும் சத்தம் முன்வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். சரியாக அந்த நொடியில் ஆல்ரவுண்ட் (பல தாள வாத்தியங்களை ஒரே ஆளாக வாசிப்பது) வாசித்த தம்பி ஜால்ராவைத் தட்டி அமுக்கிவிட்டார். அவருக்குத் துண்டு போர்த்தினோம், ஆனால் இதற்காகப் போர்த்தவில்லை.

மேலத்தெரு அத்தைமார்கள் வள்ளியின் தாவணிக்குச் சம்கி தைத்தார்கள். தினைப்புனம் காக்கிற குறப்பெண்ணுக்கு ஜரிகையும் சம்கியும் எதற்கு என்று இளைஞர்கள் சிலர் கேட்டது உண்மை. அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்க வந்த சனத்துக்கு வள்ளி பளபளவென்று வந்து நிற்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. சம்கிக்கு எதிர்ப்புத் தெரிவித்த அதே பிள்ளைகள், வள்ளி பறவை விரட்டி ஆலோலம் பாடும்போது சுற்றுவதற்குக் கவணைப் பனைநாரில் திரித்துத் தந்தார்கள். கோபத்தை வேலையில் காட்டியவர்களுக்கும் நன்றி.

யானைத் தலையைச் சொல்லாமல் விட்டால் சிறுவர்கள் என்னை விடமாட்டார்கள். கூடை முடையும் தாத்தா மூங்கிலைச் சன்னமாகச் சீவி மண்டையும் காதும் முடைந்தார். துதிக்கைக்குள் வரிசையாகக் கம்பி வளையம், வளையத்தின் மேல் சாம்பல் நிறக் காடாத்துணி. உள்ளே ஒரு கயிறு. இழுத்தால் துதிக்கை சுருண்டு மேலே போகும். வள்ளி பயந்து கிழவனைக் கட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் முன்வரிசைக் குழந்தைகளும் அலறிக்கொண்டு அம்மா மடிக்கு ஓடின. தாத்தா கூலி என்று எதுவும் வாங்கவில்லை. அவர் வீட்டுக்கு நாம் எதாவது செய்தாக வேண்டும். அதைத் தனியாகப் பேசுவோம்.

நாரதருக்குச் சவுரி கொடுத்த அக்கா, பபூனுக்குப் பனையோலைத் தொப்பி முடைந்த தம்பி, இஸ்திரி வண்டி அண்ணன், கவரிங் நகைகளை நம்பி இரவல் தந்த வீடுகள், டீ வாங்கிக் கொடுத்தே களைத்துப்போன பையன்கள், எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக ஒரு விஷயம். உடுப்புகளை வெயில் படாமல் நிழலில் ஆற்றி, வேப்பிலை போட்டுக் கோயில் பெட்டியில் வைத்திருக்கிறோம். பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டால் கொடுக்கலாம் என்பது முடிவு. கிரீடத்தை மட்டும் கையில்தான் கொண்டுபோக வேண்டும். இரவல் வாங்கியவற்றில் ஓர் ஒட்டியாணமும் ஒற்றை ஜிமிக்கியும் என்னிடம் தங்கிவிட்டன. உரியவர்கள் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஜிமிக்கியின் ஜோடி யாரிடமாவது இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உடுப்புப் பொறுப்பாளர்